தலை வார அடம்பிடிக்கும் பிள்ளைக்குப் பாட்டுப் புத்தகம்: உங்கள் வீட்டில் எப்படி?

சீப்பைப் பார்த்தாலே என் மகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நான்கு வயது. தலை வார மறுக்கும் ஒரு சிறுமியைப் பற்றி முழுக்கப் பாட்டாகவே எழுதிய படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கதை என்று பெரிதாக இல்லை. சிறுமி ஓடுகிறாள், ஒளிகிறாள், பக்கத்துக்குப் பக்கம் முடி பெரிதாகிக்கொண்டே போகிறது, கடைசியில் ஒரு பறவை கூடு கட்ட வருகிறது. நான் சிரித்தது அந்தப் பக்கத்துக்கு. என் மகளுக்குப் பிடித்ததோ, சிறுமி “வலிக்குது!” என்று கத்தும் பக்கம். அவளும் சேர்ந்து கத்துவாள். புத்தகத்தில் யாரும் “இதுக்கெல்லாமா அழுவாங்க” என்று கேட்பதில்லை. அவளை உட்கார வைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது பாட்டைச் சொல்லிக்கொண்டே வாருகிறோம். வரிக்கு ஓர் இழுப்பு, கடைசிச் சொல் அவளுடையது. இழுப்பு எங்கே முடியும் என்று முன்பே தெரிந்துவிடுவதால் தோளை இறுக்கிக்கொண்டு காத்திருப்பது குறைந்திருக்கிறது. நீங்களும் எழுதுங்கள்.

*

அக்கா, அந்த வலி நிஜம். ஒவ்வொரு முடியின் வேரைச் சுற்றியும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. சிக்கில் சீப்பு மாட்டினால் இழுப்பு நேராக அங்கேதான் போகும். என் மகனுக்குத் தோள்வரை சுருட்டை முடி. எங்களிடம் இருக்கும் புத்தகத்தில் அம்மா உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக வாருவதாகப் படம். பாட்டு நன்றாக இருந்தும் எனக்கு அது உறுத்தியது. அதனால் நாங்களே நாலு வரி கட்டினோம்:

சிக்கே சிக்கே சின்னச் சிக்கே,
பக்கம் வந்தேன், பயப்படாதே!
நுனியை முதலில் அவிழ்த்துவிட்டு
இனிமேல் மெல்ல மேலே வருவேன்!

பாட்டில் உள்ளபடியே கையும் போகும். சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேரை எட்டாது. சுருட்டை முடியை லேசான ஈரத்தில், கண்டிஷனர் தடவி, பெரிய பல் சீப்பால் வாருவது நல்லது. நேர் முடிக்கு இதைச் செய்யாதீர்கள். நனைந்த முடி சீக்கிரம் அறும், ஓரளவு காயட்டும்.

*

நான் பிள்ளைகளுக்குச் சத்தமாகக் கதை வாசிப்பவள். இந்த விஷயம் மிகப் பழையது. ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் 1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்காகத் தானே பாட்டும் படமுமாக ஒரு புத்தகம் செய்தார். 1845இல் அது அச்சாகி வந்தது. அதில் வரும் ‘ஸ்ட்ருவெல்பீட்டர்’ நகம் வெட்டவும் விடமாட்டான், தலை வாரவும் விடமாட்டான். எல்லாரும் அவனைப் பார்த்து ‘சீ’ என்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு.

அப்படி ஏசும் கதையை நான் எடுப்பதில்லை. தலை கலைந்த பிள்ளை ஒன்று கூட்டத்தில் எப்போதும் இருக்கும், மற்றவர்கள் திரும்பி அதைத்தான் பார்ப்பார்கள். பறவைக்கூடு பக்கத்தையும் யோசித்துத்தான் வாசிக்கிறேன். நீங்கள் கூடு என்பது சுருட்டை முடிப் பிள்ளைக்குத் தன் தலை, இல்லையா?

இன்னொன்று, எதுகைக்காக வலிந்து செருகிய சொல்லைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மற்ற வரிகளைக் கூடவே பாடுவார்கள், அந்த வரி வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

*

எங்கள் வீட்டில் புத்தகத்தால் பலனில்லை. பொம்மைக்கு அவள் வார, அவளுக்கு நான் வார, அப்படித்தான் வழிக்கு வந்தாள். ஆனால் பொம்மையிடம் அவள் சொல்வது புத்தகத்தில் இருக்கும் அதே வரிகள்.

*

தொடங்கியவள்தான் மறுபடியும். கூடு பற்றிச் சொன்னது சரி, இனி அந்தப் பக்கத்தில் நானும் பார்த்து நடந்துகொள்கிறேன். சின்னச் சிக்குப் பாட்டை எடுத்துக்கொள்ளலாமா தம்பி? பிடரிக்கும் ஒரு வரி கட்டித் தாருங்கள். இவளுக்கு முடி அதிகம் முடிச்சுப் போடுவது அங்கேதான்.