நல்ல காலில் ஏன் அறுவை சிகிச்சை?

மன்னார்குடி, ஒரு தந்தை:
என் மகளுக்கு 11 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது இடது தொடை எலும்பின் மேல்முனையில் சீழ் பிடித்ததால், அந்தக் கால் இப்போது 2.5 சென்டிமீட்டர் குட்டையாக இருக்கிறது. வளர்ந்து முடிக்கையில் வேறுபாடு 3 சென்டிமீட்டரை எட்டும் என்கிறார்கள். வலது முழங்காலுக்கு மேலே சிறு துளையிட்டு எலும்பின் வளர்ச்சியை நிறுத்தலாம் என்று மருத்துவர் சொன்ன நாள் முதல் எனக்கு உறக்கமில்லை. நல்ல காலை ஏன் தொட வேண்டும்? பெண் பூப்பெய்தட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார் என் தாயார்.

கும்பகோணம், எலும்பியல் மருத்துவர்:
ஐயா, குட்டையான காலை நீட்டுவதென்றால் எலும்பை வெட்டி, வெளியே வளையம் பொருத்தி, நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் இழுத்து, அது கெட்டிப்படும்வரை பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வேறுபாட்டுக்கே பெரும்பாலும் அதை நாடுகிறோம். உங்கள் மகளுக்கு வலது தொடை எலும்பின் கீழ்முனையிலுள்ள வளர்ச்சித் தட்டை, அதாவது எலும்பை நீளச் செய்யும் குருத்தெலும்பு அடுக்கை மட்டும் மூடினால் போதும். இடது கால் தன் போக்கில் வளர்ந்து எட்டிப்பிடித்துவிடும். அந்தத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்க்கிறது, பெண் குழந்தைகளுக்கு 14 வயதையொட்டி அது ஓய்கிறது. ஆகவே 3 சென்டிமீட்டரைச் சரிசெய்ய ஏற்ற வயது 11தான். பூப்பெய்திய பின் கால்களில் எஞ்சும் வளர்ச்சி மிகக் குறைவு. அதுவரை பொறுத்தால் இந்த எளிய வழி அடைபட்டுவிடும் என்பதைத் தாயாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மயக்க மருந்து கொடுத்து, அறுவை சிகிச்சையின்போதே எலும்பைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியில் பார்த்தபடி, முழங்காலின் இருபுறமும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கீறலில் தட்டைத் துளையிட்டுச் சுரண்டி எடுப்போம். மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு: முழு உயரம் சற்றுக் குறையும், தட்டு ஒருபுறம் மட்டும் மூடினால் முழங்கால் கோணும். வளர்ச்சி நிற்கும்வரை தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அதற்காகவே.

திருத்துறைப்பூண்டி, ஒரு தாய்:
என் மகனுக்கு 13 வயதில் இதைச் செய்தோம். மறுநாளே ஊன்றுகோலுடன் நடந்தான். முழங்கால் வீக்கம்தான் சில வாரங்கள் வருத்தியது. வரப்பில் நடக்கும்போது இடறி விழுந்துகொண்டிருந்த பிள்ளை இப்போது நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து நடக்கிறான். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அண்ணா: பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கச் சொல்லுங்கள். என் மகனுக்கு அது ஓராண்டு முந்தியிருந்தது, நல்லவேளையாக அப்போதே தெரிந்தது.

மன்னார்குடி, ஒரு தந்தை:
மணிக்கட்டு எக்ஸ்ரேயைப் பற்றி எங்களிடம் யாரும் சொல்லவில்லை, அம்மா. திங்கட்கிழமை மகளைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். மருத்துவர் விளக்கியதைப் படித்துக் காட்டினேன்; என் தாயாரும் உடன் வருகிறார்.