பதினொன்றிலிருந்து ஆறுக்கு: யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆசனங்கள் எங்கே போயின?

வல்லைவெளி:
யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆசனங்கள் குறைந்தது வெறும் கணக்கு என்றும், அதில் அரசியல் தேடுபவர்கள் அறியாதவர்கள் என்றும் நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதை வாசித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 1989 இல் 11 ஆசனங்கள், 1994 இல் 10, 2000 முதல் 2010 வரை 9, 2015 இலும் 2020 இலும் 7, 2024 இல் 6. ஒரு தலைமுறைக்குள் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. 2010 பொதுத் தேர்தலில் இம்மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பில் 721,359 பெயர்கள் இருந்தன. 2015 இல் இருந்தவை 529,239. இடையில் காணாமற்போன 192,120 பேர் எங்கே என்று சொல்லிவிட்டு அவர் கணக்கைப் பற்றிப் பேசட்டும்.

வழுக்கையாறு:
அந்த ஒருவர் நான்தான். என் பெயரைச் சொல்லாமலே என்னைச் சாடும் பழக்கம் உங்களுக்கு மாகாண சபை விவாதத்திலேயே வந்துவிட்டது. இருக்கட்டும், விடயத்துக்கு வருகிறேன். பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 29 தேசியப் பட்டியலுக்குரியவை, அதாவது எந்த மாவட்டத்துக்கும் உரியவை அல்ல. மிகுதி 196 இல் ஒன்பது மாகாணங்களுக்கும் நான்கு நான்காக 36 ஆசனங்கள் நிலையாக ஒதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 160 ஆசனங்களும் பதிவுசெய்த வாக்காளர் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் பகிரப்படுகின்றன. இடாப்புச் சுருங்கினால் ஆசனம் சுருங்கும். நீங்கள் தூக்கிப் பிடிக்கும் 721,359 என்ற எண்ணைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் 5 லட்சத்து 83 ஆயிரம் பேரும் இதே தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்கும் கிளிநொச்சியில் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரும் இருந்தார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தையையும் சேர்த்து எண்ணினாலும் 7 லட்சத்தைத் தொடாத ஒரு நிலத்தில் 7 லட்சத்து 21 ஆயிரம் வாக்காளர் எப்படி இருந்திருக்க முடியும்? போர்க்காலத்தில் வீடு வீடாகச் சென்று திருத்த முடியாமல் தேங்கிக் கிடந்த பழைய பெயர்கள் அவை.

வல்லைவெளி:
1981 இல், கிளிநொச்சி பிரிவதற்கு முன்பிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் 830,552 பேர் வாழ்ந்தார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து அதே நிலத்தில் அதைவிட ஒன்றேகால் லட்சத்துக்கும் கூடுதலானோர் குறைவாக இருந்தார்கள் என்றால், அவர்கள் விரும்பியா போனார்கள்? 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கமாக நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துரத்திவிட்டு, ஆள் இல்லை என்று ஆசனத்தைக் குறைப்பதைக் கணக்கு என்கிறீர்கள். 192,120 பேர் எங்கே என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இரணைமடு:
இருவரும் "யாழ்ப்பாணம்" என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இத்தேர்தல் மாவட்டத்தின் பதினொரு தொகுதிகளில் கிளிநொச்சியும் ஒன்று என்பது உங்களுக்கு எண்ணிக்கை கூட்டும்போது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற பழைய முறையில் எங்களுக்கென்று ஓர் உறுப்பினர் இருந்தார். 1977 வரை அப்படித்தான். நாங்கள் 1984 முதல் தனி நிருவாக மாவட்டம். ஆனால் தேர்தல் என்று வந்தால் நல்லூரிலும் கோப்பாயிலும் தனித்தனி வேட்பாளருக்கு விழும் விருப்பு வாக்குகளுக்குள் எங்கள் குரல் கரைந்துவிடுகிறது. ஆசனம் பதினொன்றானாலும் ஆறானாலும் எங்களுக்கென்று ஒன்று உறுதி இல்லை. இதைப் பற்றியும் யாராவது பேசுங்கள்.

வழுக்கையாறு:
தம்பி இரணைமடு, 2024 இல் இம்மாவட்டத்தில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனத்தில் இருப்பவர் கிளிநொச்சியைச் சேர்ந்த சிறீதரன். அவர் 2010 முதல் தொடர்ந்து தெரிவாகிறார். கிளிநொச்சிக்குக் குரல் இல்லை என்று சொல்லாதீர்கள்.

இரணைமடு:
ஒருவர் தன் உழைப்பால் வெல்வது வேறு, எங்கள் மண்ணுக்கு உரிமையாக ஓர் ஆசனம் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பட்டணத்தவருக்கு விளங்கப்படுத்தி எனக்குக் களைத்துவிட்டது. பக்கத்து வன்னித் தேர்தல் மாவட்டத்தைப் பாருங்கள். 2024 இல் அங்கே 306,081 வாக்காளருக்கு 6 ஆசனங்கள். எங்கள் மாவட்டத்தில் 593,187 வாக்காளருக்கும் அதே 6. எங்களை மன்னாரோடும் வவுனியாவோடும் முல்லைத்தீவோடும் சேர்த்திருந்தால் எங்கள் வாக்குக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பெறுமதி இருந்திருக்கும்.

வல்லைவெளி:
நன்றி தம்பி, நான் சொல்ல வந்ததும் அதுதான். ஒரே மாகாணத்துக்குள் ஒரு வாக்கு இரண்டு வாக்குக்குச் சமமாகிறது. இதுவும் கணக்கா?

வழுக்கையாறு:
ஆம், இதுவும் கணக்குத்தான். வட மாகாணத்துக்குரிய நான்கு நிலையான ஆசனங்களில் மூன்று வன்னிக்கும் ஒன்று யாழ்ப்பாணத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. வன்னி பரந்த நிலம், மூன்று நிருவாக மாவட்டங்கள், சிதறிய குடியிருப்புகள். ஆள்தொகையை மட்டும் பார்த்தால் அந்த மக்கள் மறக்கப்பட்டுவிடுவார்கள் என்பதால்தான் 1978 அரசியலமைப்பில் நிலப்பரப்புக்கும் இடம் வைத்தார்கள். நான் அதை ஏற்கிறேன். உங்கள் 721,359 ஐ மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

தீவகத்தாள்:
ஆசனம் எத்தனை என்று மல்லுக்கட்டும் அண்ணாமார் இருவரையும் நான் ஒன்று கேட்கிறேன். 1994 இல் இம்மாவட்டத்துக்குப் பத்து ஆசனங்கள் இருந்தன. அவற்றில் ஒன்பது, ஈ.பி.டி.பி. எனப்படும் ஈழ மக்கள் சனநாயகக் கட்சியின் சுயேச்சைக் குழுவுக்கு 10,744 வாக்குகளால் கிடைத்தன. குடாநாட்டின் பெரும்பகுதி வாக்களிக்கவே இல்லை. இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் தீவுப் பகுதியிலிருந்துதான் பெரும்பாலான வாக்குகள் வந்தன. மற்றைய ஓர் ஆசனம் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசுக்குக் கிடைத்தது; 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பெயர்களும் இதே இடாப்பில்தான் இருந்தன என்பதை இங்கே இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. பத்து ஆசனங்கள் இருந்த அந்தக் காலத்தில் உங்களுக்கு உண்மையில் எத்தனை பிரதிநிதிகள் இருந்தார்கள்?

வல்லைவெளி:
தங்கச்சி, நீங்கள் பேச்சைத் திசைதிருப்புகிறீர்கள். அந்தத் தேர்தலை நான் ஒருநாளும் தேர்தல் என்று ஏற்றதில்லை.

தீவகத்தாள்:
நாங்கள் வரிசையில் நின்று போட்ட வாக்கை வாக்கே இல்லை என்கிறீர்கள். தீவார் என்றால் எப்போதும் உங்களுக்கு இளப்பம்தான். 2024 இல் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளால், அதாவது 24.85 சதவீதத்தால், ஆறில் மூன்று ஆசனங்களைப் பெற்றதே, அதையும் ஏற்கமாட்டீர்களா?

வழுக்கையாறு:
அது மாவட்டத்தில் முதலில் வரும் கட்சிக்குக் கிடைக்கும் போனஸ் ஆசனத்தாலும், ஐந்து சதவீதத்துக்குக் கீழே நிற்பவர்களுக்கு ஆசனம் இல்லை என்ற வெட்டுப்புள்ளியாலும் வந்தது. எங்கள் கட்சிகள் பல துண்டுகளாகப் பிரிந்து நின்று, அவற்றுள் சில ஐந்து சதவீதத்தைக்கூடத் தாண்டாமல் வாக்குகளை வீணாக்கின. 63,327 வாக்குகள் பெற்ற தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, முதலில் வந்தவர்களுக்கு மூன்று. அதில் களவு எதுவும் இல்லை. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது இடாப்பைப் பற்றி.

வல்லைவெளி:
இடாப்பைப் பற்றியே பேசுவோம். 2020 இல் 571,848 பெயர்கள், 2024 இல் 593,187. இருபத்தோராயிரத்துக்கு மேல் கூடியிருக்கிறது. ஆசனமோ ஏழிலிருந்து ஆறாகிவிட்டது. பெயர் குறைந்தாலும் வெட்டுகிறார்கள், கூடினாலும் வெட்டுகிறார்கள்.

வழுக்கையாறு:
160 ஆசனங்களும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. நாங்கள் கூடிய வேகத்தைவிட மற்றைய மாவட்டங்கள் வேகமாகக் கூடினால் எங்கள் பங்கு குறையத்தான் செய்யும். 2024 இல் நாட்டின் வாக்காளர் தொகை 1 கோடி 71 லட்சம். அதை 160 ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறக்குறைய 107,000 பேர். எங்களுக்கு ஐந்தும் அரையும் வருகிறது; ஐந்தோடு நிலையான ஒன்றைச் சேர்த்தால் ஆறு. அந்த அரையில்தான் ஆசனம் தவறியது. இதற்குமேல் எளிமையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் 192,120 பேரில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் தகப்பனார். 1996 இல் மீசாலையில் ஒரு தெரிந்தவர் வீட்டில் இறந்தார். 2010 இடாப்பில் எங்கள் வீட்டு இலக்கத்தின் கீழ் அவர் பெயர் அப்படியே இருந்தது. அந்தப் பெயரை வைத்து ஓர் ஆசனத்துக்கு உரிமை கோர எனக்கு மனம் வரவில்லை.

வல்லைவெளி:
உங்கள் தகப்பனாரைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் என் தமையன் குடும்பத்தில் ஐந்து வாக்குகள். 2009 இல் முகாமில் இருந்தார்கள். ஊர் திரும்பியபோது வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது, பதிவுப் படிவத்தை வாங்கவும் ஆள் இல்லை, பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. உயிரோடு இருக்கும் ஐவர் அவர்கள். இடம்பெயர்ந்தோரைப் பதிவதற்கென்று 2013 இல் ஒரு சிறப்புச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படியென்றால் வெட்டப்பட்டவர்களில் உயிருள்ளவர்களும் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

வழுக்கையாறு:
ஐந்து பேர் இருந்திருக்கலாம், ஐயாயிரம் பேரும் இருந்திருக்கலாம். 192,120 பேரும் அப்படியானவர்கள் என்று நீங்கள் எழுதியதைத்தான் நான் மறுக்கிறேன். மொத்தச் சனத்தொகையைவிடப் பெரிய ஒரு வாக்காளர் இடாப்பை நீங்கள் இன்னும் விளக்கவில்லை.

இரணைமடு:
கிளிநொச்சிக்கு உறுதியான ஓர் ஆசனம் பற்றி நான் கேட்டதற்கும் ஒருவரும் பதில் எழுதவில்லை.

வல்லைவெளி:
தம்பி, அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், நான் வருகிறேன். வழுக்கையாறு அவர்களே, 721,359 இலிருந்து 529,239 ஐக் கழித்தால் வருவது 192,120. அவர்கள் எங்கே?