லேக்வுட் வான்படங்களும் அந்த நிழலும்

மண்வாசி: "வான்படம் பொய் சொல்லாது, கலிஃபோர்னியாவின் லேக்வுட் வயல்காடு புறநகரானதற்கு வில்லியம் கார்னெட் 1950-இல் எடுத்த படங்களே சாட்சி" என்று மேகநாதன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த நிழலைப் பார்த்தீர்களா? எல்லாம் சாய்வெயில். உச்சிவெயிலில் எடுத்திருந்தால் பாதி மிரட்டல் போயிருக்கும்.

மேகநாதன்: நிழலா வீடு கட்டியது? மூன்றே ஆண்டில் 17,500 வீடுகள். நிழலை எடுத்துவிட்டால் அதில் ஒன்று குறையுமா?

மண்வாசி: எண்ணிக்கையை யார் கேட்டது? நிழலைக் கேட்டேன்.

பருந்து: கார்னெட்டுக்குக் காசு கொடுத்ததே வீடு கட்டியவர்கள்தான். பிறகு புறநகரை வெறுத்தவர்கள் அதே படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மண்வாசி: அதற்கும் அந்த நிழல்தான் காரணம்! நில அளவைக்குப் பறப்பவர்கள் நிழல் குறுகும் நேரமாகப் பார்த்துப் பறப்பார்கள், கேமரா நேர் கீழே பார்க்கும். அமெரிக்க வேளாண் துறை 1930-களிலேயே வயல்களை அப்படி எடுத்தது. அந்தப் படத்தையும் இருபது ஆண்டு கழித்து எடுத்ததையும் பக்கத்தில் வையுங்கள். எந்த வண்டிப்பாதை தெருவானது, எந்தப் பண்ணைவீடு போனது என்று விரல் வைத்துச் சொல்லலாம். கார்னெட் படத்தில் பழைய ஊர் எங்கே?

மேகநாதன்: உங்கள் நேர்கீழ்ப் படத்தில் கூரை வெறும் கட்டமாகத் தெரியும். நிழல்தான் உயரத்தைச் சொல்லும். வான்படம் படிப்பவர்களுக்கு இது பாலபாடம்.

மண்வாசி: உயரத்துக்கு அடுத்தடுத்த இரண்டு படங்கள் 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுப்பார்கள். ஒரு கண்ணுக்கு ஒரு படமாகச் சேர்த்துப் பார்த்தால் கூரை எழுந்து நிற்கும். நிழலை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

காட்டுப்பூ: அங்கே இருந்தது உருளைக்கிழங்கு வயல்தானே?

மேகநாதன்: அது நியூயார்க் பக்கம், லாங் ஐலண்டின் லெவிட்டவுன் புறநகர். லேக்வுட்டில் அவரையும் சர்க்கரை பீட்டும். போன மாதமும் இதே குழப்பம் உங்களுக்கு.

காட்டுப்பூ: போன மாதத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அன்று நீங்கள் லெவிட்டவுனைக் கலிஃபோர்னியாவில் கொண்டுபோய் வைத்தபோது நான் வாய் திறந்தேனா?

மேகநாதன்: அது தட்டச்சுப் பிழை.

காட்டுப்பூ: மூன்று பதிவிலுமா?

பருந்து: சரி, படத்துக்கு வாருங்கள்.

மண்வாசி: அவரையோ உருளையோ, நிழலுக்குப் பதில் வரவில்லை.

மேகநாதன்: வந்தாயிற்று. படிக்க வேண்டியது நீங்கள்.

மண்வாசி: கூரை போட்ட படத்தைத் திறங்கள். வீட்டைப் பார்க்காதீர்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கறுப்பை மட்டும் பாருங்கள். அப்புறம் பேசலாம்.