புதுப்பிப்பு: 3.83-இல் கிடைத்த மூன்று எண்கள்

போன வாரம் நான் கேட்டது இதுதான்: பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண், அதை ஒன்றிலிருந்து கழித்தால் வருவது, ஒரு கெழு (நாமே தேர்ந்தெடுத்து மாற்றாமல் வைக்கும் எண்), மூன்றையும் பெருக்கி, விடையை மறுபடி உள்ளே போடுகிறோம். கெழு 3-ஐத் தாண்டினால் விடை இரண்டு எண்களுக்கிடையே மாறுகிறது, 3.45 அருகே நான்கு, அப்புறம் எட்டு. 3.57-க்கு மேல் எந்த ஒழுங்கும் இல்லாத முழுக் குழப்பம்தானா? "3.83 போட்டுப் பாருங்க தம்பி" என்றார் ஓர் அண்ணன்.

நேற்று பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் பஸ் நகரவே இல்லை. போனிலேயே எக்செல் திறந்து போட்டேன். முதலில் தாறுமாறு. கீழே இறங்க இறங்க 0.156, 0.505, 0.957, திரும்பவும் 0.156! உடம்பு சிலிர்த்துவிட்டது. 3.845 போட்டால் ஆறு எண்கள். இரட்டிப்பு அங்கேயும் தொடங்குகிறது.

அடுத்தடுத்த இரட்டிப்புகள் நடக்கும் கெழுக்களுக்கிடையே உள்ள இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4.669 மடங்கு சுருங்குவதை அமெரிக்க இயற்பியலாளர் மிட்செல் ஃபைகன்பாம் 1975-இல் ஒரு கைக் கால்குலேட்டரில்தான் கண்டுபிடித்தார்.

அண்ணா, ரொம்ப நன்றி. 3.828-உம் போட்டேன்: நெடுநேரம் மூன்று எண்களாகவே ஓடி, திடீரென்று சிதறி, மறுபடி மூன்றுக்கே வருகிறது. இன்று ராத்திரி அதைத்தான் வரைந்து பார்க்கப் போகிறேன்.