குரல்வளை மசாஜ் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. நாள் முழுக்கப் பேசிப் பாடம் நடத்துவதுதான் என் வேலை. கொஞ்ச நாளாகவே மாலைக்குள் குரல் கரகரத்து, தொண்டையைச் சுற்றி இறுக்கிப் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் கட்டியோ புண்ணோ எதுவும் இல்லை, சுற்றியுள்ள தசைகள் இறுகி, பேசும்போது குரல்வளையை மேலே இழுத்துப் பிடிக்கின்றன என்றார். அப்புறம் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர், தாடைக்குக் கீழே இருக்கும் நாவடி எலும்புக்கும் குரல்வளைக் குருத்தெலும்புக்கும் நடுவில் விரல்களால் மெல்ல வட்டமாகத் தேய்த்து, குரல்வளையை மெதுவாகக் கீழே இறக்கினார், நான் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருந்தேன். உடனே குரல் எவ்வளவு லேசானது தெரியுமா! ஆனால் மறுநாளே பழையபடி.

இதைத் தொடர்ந்து செய்துகொண்டவர்களுக்கு அந்தப் பலன் நீடித்து நின்றதா? மூச்சு, குரல் பயிற்சிகளையும் சேர்த்தால்தான் நிற்குமா? வீட்டில் நாமே செய்துகொள்ளலாமா? கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இருப்பதால் அங்கே அழுத்த எனக்குப் பயமாகவே இருக்கிறது. தாடை, பிடரி, தோள் மட்டும் தேய்த்துவிட்டாலே குறைந்தது என்பவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். பாடுபவர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் யாராவது பதில் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும், இந்தக் குரலை நம்பித்தான் என் பிழைப்பே.