குழந்தைக்கு முயற்சி செய்யும்போது எடை குறைப்பது: பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்கள் அனுபவம்

திருப்பூர், வயது 29

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. காலையில் உட்கார்ந்தால் இரவுதான் எழுந்திருப்பேன். காலேஜ் படிக்கும்போதே மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போகும். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்" என்றார்கள் வீட்டில். ஆகவில்லை.

குழந்தைக்காக முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இருபது கிலோ குறைச்சிட்டு வாம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார். எப்படிக் குறைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. அப்போது என் எடை 74 கிலோ, உயரம் 156 செ.மீ. இருபது கிலோ போனால் பிளஸ் டூவில் இருந்த எடை வரும். பைக்கில் வீடு வந்து சேரும்வரை நானும் என் கணவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

கோயம்புத்தூரில் பார்த்த இரண்டாவது டாக்டரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த அம்மா முதலில் என்னைத் திரும்பச் சொல்லிப் பின்கழுத்தைப் பார்த்தார். அங்கே வெல்வெட் துணி போலத் தடித்த ஒரு கருமை உண்டு. அது போகட்டும் என்று அம்மா சின்ன வயதிலிருந்தே பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துவிடுவார். "இது அழுக்கு இல்லம்மா, இன்சுலின்" என்றார் டாக்டர். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றிவிடுகிறது. முட்டை வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்கேனில் ஓரமாக வரிசைகட்டி நிற்பவை அப்படி நின்றுபோனவைதானாம்.

அப்புறம் சொன்னார்: "எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவர ஆரம்பிக்கும்." 74 கிலோவுக்கு அது 4 கிலோ கூட இல்லை. இருபது எங்கே, நாலு எங்கே! தராசை மட்டும் பார்க்காதே, இடுப்புச் சுற்றளவையும் டேப் வைத்துப் பார் என்றார். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால் கவனிக்க வேண்டுமாம்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரை டெஸ்ட், தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) டெஸ்ட் எல்லாம் எழுதினார். என் கணவருக்கும் விந்துப் பரிசோதனை எழுதினார். "அவனுக்கு எதுக்கு கண்ணு டெஸ்டு?" என்று மாமியார் கேட்டார். யார் சொல்லியும் இல்லாமல் அவரே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதை நான் மறக்க மாட்டேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் அன்றைக்கே ஆரம்பித்தாயிற்று.

சாப்பாட்டில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. மதியம் சாதம் ஒரு கப், பொரியலும் கூட்டும் இரண்டு மடங்கு. முன்பு இரவு பத்து மணிக்கு வந்து நாலு தோசை சாப்பிடுவேன். இப்போது ஆபீசிலேயே ஏழு மணிக்குச் சுண்டல், வீட்டுக்கு வந்து ஒரு தோசையும் முட்டையும். ராகி, கம்பு என்றால் அளவே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மாவாக அரைத்துக் கூழாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். கருப்பட்டியும் சர்க்கரைதான். நடையோடு வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி செய்கிறேன். தசை நன்றாக வேலை செய்தால் இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது.

70 கிலோவுக்கு வந்தபோது, மாத்திரை போடாமல் மாதவிலக்கு தானாக வந்தது. குழந்தைக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அது துக்க நாள். எனக்கு அன்று அப்படி ஒரு சந்தோஷம். இப்போது முட்டை வளர்வதற்கான லெட்ரோசோல் மாத்திரை எடுக்கிறேன். போன தடவை முட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேனில், முட்டை இருக்கும் பை ஒன்று 19 மி.மீ. வளர்ந்திருந்தது. இன்னும் கரு தங்கவில்லை.

தஞ்சாவூர், வயது 26

நான் 49 கிலோ. எனக்கும் பிசிஓஎஸ்தான். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும் என்பதை யாருமே நம்புவதில்லை. தெரிந்த அக்கா ஒருவர் எடை குறைக்கும் பவுடர் டப்பாவை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். "குடிச்சா கட்டி கரைஞ்சிரும்" என்றார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். டாக்டரிடம் காட்டினேன், தொடவே கூடாது என்றார். எடை ரொம்பக் குறைந்தாலும் முட்டை வளர்வது நின்றுபோகுமாம். எனக்கு எழுதிக் கொடுத்தது சரியான தூக்கம், உடற்பயிற்சி, புரதம். என்னைப் போல இருப்பவர்கள் அடுத்தவர் டயட்டை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

சென்னை, வயது 36

திருப்பூர் தங்கை எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் கதையில் வயதும் சேர்ந்துகொண்டது. 92 கிலோ. எடை குறைந்த பிறகு சிகிச்சை என்று உட்கார்ந்திருந்தால் எனக்கு 38 ஆகிவிடும். 35 தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அதனால் இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று டாக்டருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

அதற்கு முன்பே ஒரு எடைக்குறைப்பு கிளினிக்கில் எனக்கு செமாகுளூடைட் ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். எடை குறைந்தது உண்மை. ஆனால் குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. கரு தங்குவதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே இந்த ஊசியை நிறுத்திவிட வேண்டும். எடை குறையும்போது முட்டை வெளிவர ஆரம்பித்து, எதிர்பாராமல் கரு தங்கிவிடவும் கூடும் என்பதால் ஊசி போடும் நாட்களில் கருத்தடையும் வேண்டும். இதை எல்லாம் என் குழந்தையின்மை டாக்டர்தான் சொன்னார். ஊசி போடுகிற ஒவ்வொரு பெண்ணிடமும் முதலிலேயே சொல்ல வேண்டிய விஷயம் இது. நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

லெட்ரோசோல் பற்றியும் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்று நெட்டில் பார்த்து என் தங்கை பயந்துவிட்டாள். இந்தியாவில் 2011இல் குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கத் தடை இருந்தது, 2017இல் நீக்கிவிட்டார்கள். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பிசிஓஎஸ் பெண்களுக்கு முட்டை வளர முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரையாக இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், இதை எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பழைய மாத்திரையான குளோமிஃபீனில் 19.1 சதவீதம். அதனால் திருப்பூர் தங்கையே, சில மாதம் கரு தங்கவில்லை என்று மனசு விட்டுவிடாதே.

84 கிலோவில் எனக்குத் தங்கியது. இப்போது ஐந்தாம் மாதம். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்பதால், கரு தங்கியது உறுதியானதுமே குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்தார்கள். ஆறாம் மாதம் மறுபடி எடுக்க வேண்டும். உங்கள் டாக்டர் எழுதாவிட்டாலும் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.