மறு: பேரடை மோதலா, இணைவா, புணர்ச்சியா?

நண்பர்களே,

பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடைசி அத்தியாயத்தில், இரண்டு பேரடைகள் (மாபெரும் விண்மீன் கூட்டங்கள்) ஒன்றுக்குள் ஒன்று புகுவதைக் குறிக்கும் இந்த ஒரு சொல்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. வந்த மடல்களுக்கு மொத்தமாக ஒரு பதில்.

> 'மோதல்' என்றால் விண்மீன்கள் முட்டிக்கொள்ளும் என்றல்லவா மாணவர் நினைப்பார்?

நினைப்பார்தான். சூரியனுக்கு அடுத்த விண்மீனே 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. இவ்வளவு இடைவெளியில் முட்டல் மிக அரிது. முட்டுவது வளிம முகில்கள். அவை நெருக்குண்டு புது விண்மீன்கள் பிறக்கும்.

ஆனால் 'இணைவு' நான்காம் அத்தியாயத்தில் அணுக்கருவோடு குடியேறிவிட்டது. தவிர, பக்கத்துப் பேரடையான ஆந்திரமேடா நொடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நெருங்கி வந்தாலும் நம் பேரடையான பால்வழியோடு சேர்ந்தே தீரும் என்று இப்போது யாரும் அடித்துச் சொல்வதில்லை. 2012இல் உறுதி என்றார்கள். 2025இல் வந்த ஆய்வு, அடுத்த 1000 கோடி ஆண்டுகளுக்குள் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறது.

> 'புணர்ச்சி' இருக்கக் கவலை ஏன்? பால்வழி நிலைமொழி, ஆந்திரமேடா வருமொழி. புது விண்மீன்கள் தோன்றல். சுருள், நீள்வட்டமாவது திரிதல். தட்டு சிதைவது கெடுதல்.

ஐயா, ரசித்தேன். ஆனால் வகுப்பில் அந்தச் சொல்லை உச்சரித்த நொடியே பாடம் முடிந்துவிடும். அப்புறம், எது நிலைமொழி? இரண்டுமே ஒன்றையொன்று நோக்கி விழுகின்றன.

> பேரடையில் உள்ள அடை, தேனடையா? அடைதலா?

இதைத் தனி இழையில் பேசலாமே.

> 'கேலக்சி' என்றே எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

பிள்ளைகளுக்குக் கைப்பேசியின் பெயராகத்தான் புரியும்.

இன்னொன்று. சூரியனின் ஒளி கூடிக்கொண்டே போவதால் சுமார் 100 கோடி ஆண்டுகளில் பூமியில் கடல் மிஞ்சாது. அதற்குமுன் கிளம்பியவர்களின் வழிவந்தோர்தான், நடந்தால், இதைப் பார்க்க முடியும். அவர்களை 'விண்குடிகள்' என்று எழுதியிருக்கிறேன். 'புலம்பெயர்ந்தோர்' என்றால் வேறு துயரம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

*

மூவர் 'மோதல்' என்கிறீர்கள், ஒருவர் மறுப்பு, மற்றவர்கள் மௌனம். சரி, 'பேரடை மோதல்' என்றே அனுப்புகிறேன். 'விண்மீன்கள் பெரும்பாலும் முட்டிக்கொள்வதில்லை' என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

*

மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'பேரடை மோதல்' ஒட்டாமல் இயல்பாக நிற்கிறது. 'பேரடைப் புணர்ச்சி'யில் பாருங்கள், நடுவில் ஒரு 'ப்' தோன்றுகிறது. புது விண்மீன் வேறெப்படிப் பிறக்குமாம்?